காடேக்கின் இரண்டு நிறங்கள்

மலேசியாவின் மலாக்கா மாநிலத்தில் உள்ள 28 சட்டமன்றத் தொகுதிகளையும் ஒரு வலை வரைபடத்தில் வரைந்து, மேலே 2018, 2021 என்று இரண்டு பொத்தான்களை வைத்துப் பாருங்கள். 2018 மே மாதத் தேர்தலில் பக்காத்தான் ஹராப்பான் 15 இடங்களையும் தேசிய முன்னணி 13 இடங்களையும் பிடித்தன. 2021 நவம்பர் 20 அன்று நடந்த மாநிலத் தேர்தலில் தேசிய முன்னணிக்கு 21, பக்காத்தானுக்கு 5, பெரிக்காத்தான் நேஷனலுக்கு 2 என்று கணக்கு தலைகீழானது. அலோர் காஜா பக்கம் உள்ள காடேக், இந்திய வாக்காளர்கள் கணிசமாக இருக்கும் தொகுதி. 2018இல் அங்கே பக்காத்தானின் ஜசெக வென்றது. 2021இல் தேசிய முன்னணியின் மஇகா மீட்டுக்கொண்டது. பக்காத்தானுக்குச் சிவப்பு, தேசிய முன்னணிக்கு நீலம் என்று வைத்தால், முதல் பொத்தானுக்குக் காடேக் சிவப்பு, இரண்டாவதற்கு நீலம்.

2021ஐ அழுத்துகிறோம். காடேக் நீலமாகிறது. சுட்டியை அதன்மேல் கொண்டுபோனால் எல்லைக்கோடு தடிக்கிறது, பெயரும் முடிவும் ஓரத்துப் பெட்டியில் தெரிகின்றன. சுட்டியை விலக்குகிறோம். காடேக் சிவப்பாகிவிடுகிறது. சுற்றியுள்ள தொகுதிகளெல்லாம் 2021இல் இருக்க, காடேக் மட்டும் 2018க்குத் திரும்பிவிட்டது. பிழைச்செய்தி எதுவும் வராது. அந்த நேரத்தில் யாராவது திரையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பார்ப்பவருக்கு அது ஒரு தேர்தல் முடிவு.

கவனக்குறைவான நிரலர் ஒருவர் எங்கோ செய்த தவறாக இதைத் தள்ளிவிட முடியாது. லீஃப்லெட் என்ற வரைபட நிரல் நூலகத்தை அதன் பாடக்குறிப்பில் உள்ளபடியே பயன்படுத்தி, பிறகு ஒரு பொத்தானை மட்டும் சேர்த்தால் இதுதான் நடக்கும். வலை வரைபடத்தில் பகுதிகளின் தோற்றத்தை மாற்ற, ஒருமுறை எழுதி எங்கும் பயன்படுத்தக்கூடிய செயற்கூறுகளை நம்பலாமா, எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வியை நான் இங்கிருந்தே எடுத்துக்கொள்கிறேன். மலாக்காவின் தோட்டப்புறத்தையும் பட்டணத்தையும் வைத்து இதை எடைபோடக் காரணம் உண்டு. சிறிய மாநிலம், மூன்றே மாவட்டங்கள், ஆறு நாடாளுமன்றத் தொகுதிகள். முழு வரைபடமும் ஒரே திரையில் அடங்கிவிடும். ஒரு நிறம் பிசகினால் யாருடைய ஊர் பிசகியது என்று உடனே கேட்கலாம்.

முதலில் இந்த முறைக்குச் சேர வேண்டிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். விளாடிமிர் அகாஃபோன்கின் 2011இல் வெளியிட்ட லீஃப்லெட், எல்லைகளை ஜியோஜேசன் கோப்பாக வாங்கிக்கொண்டு, 'ஸ்டைல்' என்ற இடத்தில் ஒரு செயற்கூற்றைக் கேட்கிறது. ஒவ்வொரு பகுதியையும் அதனிடம் கொடுத்தால், அந்தப் பகுதியின் நிறம், கோட்டின் தடிமன், ஒளிபுகு அளவு எல்லாவற்றையும் அது திருப்பித் தருகிறது. காடேக்குக்கு ஒரு வரி, மச்சாப் ஜெயாவுக்கு ஒரு வரி என்று 28 முறை எழுத வேண்டிய வேலை ஒரே விதியாகச் சுருங்குகிறது. நாளை அதே விதியை ஜொகூருக்கும் கெடாவுக்கும் கொடுக்கலாம். இதில் வசதியோடு நேர்மையும் உண்டு. எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே விதி என்பதால், தனக்கு வேண்டிய தொகுதியை மட்டும் சற்று அழுத்தமாகக் காட்டும் தந்திரத்துக்கு இடமில்லை. விதியைத் திறந்து படித்தால் வரைபடம் எப்படி உண்டானது என்று தெரிந்துவிடும். கையால் நிறம் தீட்டிய வரைபடங்களுக்கு இந்த வெளிப்படைத்தன்மை என்றுமே இருந்ததில்லை.

பிசகு எங்கே வருகிறது என்றால், 'செட்ஸ்டைல்', 'ரீசெட்ஸ்டைல்' என்ற இரண்டு கட்டளைகளுக்கு நடுவில். முதலாவது, கொடுத்த விதிப்படி பகுதிகளை மீண்டும் தீட்டுகிறது. இரண்டாவது, சுட்டி விலகியதும் பகுதியைப் பழைய தோற்றத்துக்குக் கொண்டுவருகிறது. லீஃப்லெட்டின் 1.x பதிப்புகளில் முதல் கட்டளை தீட்டுவதோடு சரி. புது விதியை வரைபட அடுக்கின் நினைவில் எழுதிவைப்பதில்லை. இரண்டாவது கட்டளையோ அடுக்கை முதன்முதலில் உருவாக்கியபோது கொடுத்த விதியைத்தான் தேடிப் போகிறது. ஆக, திரைக்கு 2021, நினைவுக்கு 2018. கூகுள் மேப்ஸின் தரவு அடுக்கு இதே வேலையை வேறு விதமாகச் செய்கிறது. அடிப்படை விதி ஒன்று, அதன்மேல் தற்காலிகமாகப் போடும் தோற்றம் ஒன்று என்று இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொள்கிறது. மேலே போட்டதை நீக்கினால் அடியில் நடப்பிலுள்ள விதி அப்படியே தெரியும். இந்த ஒரு விஷயத்தில் கூகுளின் அமைப்பே மேலானது என்பதில் எனக்குத் தயக்கமில்லை. அகாஃபோன்கினின் நூலகம் சிறியது, திறமூலமானது, கட்டணமில்லாதது. அதனாலேயே சமூக அமைப்புகளும் மாணவர்களும் அதைத்தான் எடுக்கிறார்கள், எடுக்கவும் வேண்டும். ஆனால் எடுக்கிறவர் இந்தப் பள்ளத்தைத் தெரிந்து எடுக்க வேண்டும்.

தீர்வு எளியது. நிறத்தைத் தீர்மானிக்கும் செயற்கூறு எந்த ஆண்டையும் தனக்குள் பூட்டி வைத்திருக்கக் கூடாது. இப்போது எந்த அடுக்கு நடப்பில் இருக்கிறது என்பதை ஒரே ஓர் இடத்தில் குறித்துவைத்து, ஒவ்வொரு முறையும் செயற்கூறு அங்கே பார்த்து நிறம் சொல்ல வேண்டும். பொத்தான் அந்தக் குறிப்பை மட்டும் மாற்றட்டும். அப்போது 'ரீசெட்ஸ்டைல்' பழைய செயற்கூற்றையே அழைத்தாலும் வரும் விடை புதியதாக இருக்கும். நான் பார்த்தவரையில் மறுபயன்பாட்டுச் செயற்கூறுகளின் நன்மை தீமை பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியில் நிற்கிறது: செயற்கூறு எதைத் தன்னோடு சுமந்துகொண்டு போகிறது?

தேர்தல் வரைபடத்தில் அது சுமப்பது ஓர் ஆண்டு. மக்கள்தொகை வரைபடத்தில் சுமப்பது இன்னும் கனமானது.

லீஃப்லெட்டின் பாடக்குறிப்பில் உள்ள எடுத்துக்காட்டு, அமெரிக்க மாநிலங்களின் மக்கள் நெருக்கத்தை நிறமாகக் காட்டுவது. வரம்புகள் 10, 20, 50, 100, 200, 500, 1000. ஆயிரத்துக்கு மேல் போனால் அடர்ந்த செந்நிறம், பத்துக்குள் இருந்தால் வெளிறிய மஞ்சள். உலகெங்கும் படியெடுக்கப்பட்ட ஒரு துண்டு நிரல் இது. அதை அப்படியே எடுத்து மலாக்காவில் இந்தியர் விழுக்காட்டைத் தீட்டினால் என்ன ஆகும்? மாநில அளவில் இந்தியர் பங்கு ஆறு விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. ஆகவே பெரும்பாலான பகுதிகள் கடைசி வகுப்பான வெளிறிய மஞ்சளுக்குள் விழுந்துவிடும். பார்ப்பவர் மலாக்காவில் இந்தியர் பரவலில் வேறுபாடே இல்லை என்று நினைத்துக்கொள்வார். தோட்டங்கள் நிறைந்திருந்த அலோர் காஜா, ஜாசின் உட்பகுதிகளுக்கும் கரையோர மலாய்க் கம்பங்களுக்கும் உள்ள வேறுபாடு, 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தைப் போட்டதிலிருந்து தொடங்கிய வரலாறு. நியூஜெர்சிக்கும் அலாஸ்காவுக்கும் பொருந்தும் அளவுகோல் அதை ஒரே மஞ்சளில் பூசி மறைத்துவிடும்.

இதைவிட மோசமானது அந்தச் செயற்கூற்றின் கடைசிச் சொல். ஆயிரத்தைவிடப் பெரிதா, ஐந்நூறைவிடப் பெரிதா என்று கேட்டுக்கொண்டே வந்து, பத்தைவிடவும் பெரிதில்லை என்றால் வெளிறிய மஞ்சள் என்று முடிகிறது. ஜாவாஸ்கிரிப்டில் மதிப்பே இல்லாத ஒன்றைப் பத்தைவிடப் பெரிதா என்று கேட்டாலும் இல்லை என்ற பதில்தான் வரும். அதாவது தரவு இல்லாத பகுதியும், ஆள் குறைவாக உள்ள பகுதியும் ஒரே நிறம். அறியாமையும் இன்மையும் வரைபடத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

மலாக்காவில் தரவு விடுபடுவது அபூர்வமாக நடப்பதல்ல, அடிக்கடி நடப்பது. எல்லைக் கோப்பு ஓரிடத்திலிருந்து வருகிறது, மக்கள்தொகைக் கோப்பு இன்னோரிடத்திலிருந்து. இரண்டையும் இணைப்பது இடப்பெயர். மலாய் மொழியின் உரோமன் எழுத்துக்கூட்டு 1972இல் திருத்தப்பட்டது. ஆனால் ஆயர் கெரோ, ஆயர் மோலேக், தெலோக் மாஸ் போன்ற பெயர்கள் சில ஆவணங்களில் பழைய கூட்டிலும் சிலவற்றில் புதிய கூட்டிலும் தொடர்கின்றன. ஓர் எழுத்து மாறினாலும் கணினிக்கு அது வேறு ஊர். இணைப்பு அறுந்து, மதிப்பு வராமல், செயற்கூறு சத்தமில்லாமல் வெளிறிய மஞ்சளைப் பூசிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடும். ஒரு காலத்தில் பால்மரம் சீவிய குடும்பங்கள் இன்றும் வாழும் ஒரு முக்கிம் (மாவட்டத்தின் உட்பிரிவு), எழுத்துக்கூட்டின் காரணமாக ஆளில்லாத இடம்போல் காட்சி தரும். அந்த வரைபடத்தை வைத்து ஒருவர், இங்கே தமிழ்ப்பள்ளிக்குத் தேவையில்லை என்று சொல்ல எத்தனை நேரமாகும்? தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் கைமாறிய காலத்திலிருந்தே, கணக்கில் வராததால் இழந்தவை இந்தச் சமூகத்துக்கு ஏற்கெனவே போதுமான அளவு உண்டு. நிரலில் விடுபட்ட ஒரு வரியும் அந்தப் பட்டியலில் சேரக்கூடாது.

எனவே இங்கே என் முதல் கறாரான நிபந்தனை: மதிப்பு இருக்கிறதா என்ற கேள்வி, எவ்வளவு என்ற கேள்விக்கு முன்னால் வர வேண்டும். இல்லையென்றால் சாம்பல் நிறமும் விட்டுவிட்டு ஓடும் எல்லைக்கோடும். லீஃப்லெட்டில் இதற்கு வசதி இருக்கிறது, கூடுதலாக இரண்டு வரி போதும். நிறம் மட்டும் போதாது என்று சொல்வதற்குக் காரணம், வரைபடம் படமாக எடுக்கப்பட்டுக் கைமாறும்போது ஓரத்தில் உள்ள நிறவிளக்கம் பெரும்பாலும் வெட்டுப்பட்டுவிடுகிறது. விட்டுவிட்டு ஓடும் கோடு அப்போதும் இங்கே ஏதோ விடுபட்டிருக்கிறது என்று சொல்லும். பெயரை நம்பாமல் குறியீட்டு எண்ணை வைத்து இணைப்பதும் கட்டாயம். காடேக்கின் எழுத்துக்கூட்டு எப்படி மாறினாலும் அது என்07தான்.

சுட்டி நகர்வுக்கு எழுதப்படும் அலங்காரங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்த வரைபடங்களைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் கைப்பேசியில் பார்க்கிறார்கள். தொடுதிரையில் சுட்டி மேலே வருவதும் விலகுவதும் இல்லை. தொட்டால் தேர்வாகட்டும், மறுபடி தொட்டால் விடுபடட்டும். மற்றதை நீக்கிவிடலாம்.

இனி, எல்லையைப் பற்றிய கேள்வி. செயற்கூற்றை எவ்வளவு சீராக எழுதினாலும் அது கொடுத்த எல்லைக்குள்தான் நிறம் பூசும். மலேசியாவில் இந்த எல்லைக் கோப்புகள் பொதுவெளியில் கிடைப்பது பெரிய விஷயம். திண்டாக் மலேசியா அமைப்பு தொகுதி எல்லைகளை எண்மமாக்கி எல்லோரும் பயன்படுத்தும்படி வெளியிட்டது. புள்ளிவிவரத் துறையின் கவாசான்கு தளம் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை மாவட்டம், நாடாளுமன்றத் தொகுதி, சட்டமன்றத் தொகுதி என்று ஒவ்வொரு மட்டத்திலும் வரைபடமாகக் காட்டுகிறது. இவர்களின் உழைப்பு இல்லாமல் இந்தத் திறனாய்வுக்கே வேலையில்லை. ஆனால் அசகானை எடுத்துக்கொள்ளுங்கள். நிர்வாகக் கணக்கில் அது ஜாசின் மாவட்டம். தேர்தல் கணக்கில் அலோர் காஜா நாடாளுமன்றத் தொகுதி. மாவட்ட அடுக்கைப் போட்டால் அசகானின் தமிழ்க் குடும்பங்கள் ஜாசினின் நிறத்தைத் தடிப்பாக்குகின்றன. தொகுதி அடுக்கைப் போட்டால் அதே குடும்பங்கள் அலோர் காஜாவின் நிறத்தை. யாரும் வீடு மாறவில்லை, நிறம் மட்டும் மாறிவிட்டது. இரண்டு அடுக்குகளுக்கும் ஒரே செயற்கூறு, ஒரே நிறவரிசை என்பதால், பார்ப்பவர் இரண்டையும் ஒப்பிடத்தக்கவை என்று நம்பிவிடுவார். மறுபயன்பாடு இங்கே உதவாதது மட்டுமல்ல, தவறான உறுதியையும் தருகிறது.

புலாவ் செபாங் இன்னும் கூர்மையான உதாரணம். ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையே புலாவ் செபாங், தம்பின் என்று இரண்டு ஊரையும் சேர்த்துச் சொல்கிறது. புலாவ் செபாங் மலாக்காவில் இருக்கிறது, தம்பின் நெகிரி செம்பிலானில். கடைத்தெரு, கோயில், உறவு என்று எதுவும் அந்த மாநிலக் கோட்டில் நின்று திரும்புவதில்லை. மலாக்கா வரைபடம் மட்டும் அந்த இடத்தில் ஊரை இரண்டாக வெட்டி, ஒரு பாதிக்கு நிறம் பூசி, மறு பாதியை வெறும் பின்னணியாக விடுகிறது. எல்லையோர ஊர்களில் அண்டை மாநிலத்தின் அடுத்த தொகுதிகளையும் சேர்த்து ஏற்றுவது ஒன்றே இதற்கு மாற்று. கோப்பு கொஞ்சம் பெருக்கும், பரவாயில்லை.

பட்டணத்துக்குள் வந்தால் சிக்கல் எல்லையிலிருந்து வகைப்பாட்டுக்கு மாறுகிறது. கணக்கெடுப்பின் வெளியீட்டில் பூமிபுத்ரா, சீனர், இந்தியர், மற்றவர் என்ற பிரிவுகள் உண்டு. தமிழர் என்ற பிரிவு இல்லை. மலாக்கா தெங்கா மாவட்டத்தின் காஜா பெராங்கில் மலாக்கா செட்டிகள் வாழ்கிறார்கள். சுல்தானகக் காலத்து வணிகர்களின் வழிவந்தவர்கள், சைவத்தைக் கைவிடாதவர்கள், வீட்டில் மலாய் பேசுகிறவர்கள். 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. இந்தியர் வகைக்குள் அவர்களும் அடக்கம், தோட்டத்திலிருந்து வந்து தாமான் குடியிருப்பில் வீடு வாங்கிய தமிழரும் அடக்கம், மலையாளிகளும் தெலுங்கரும் சீக்கியரும் அடக்கம். செயற்கூற்றுக்குக் கொடுக்கும் தரவுப்பெயரைத் தமிழர் என்று எழுதி, கொடுக்கும் எண் இந்தியர் எண்ணாக இருந்தால், அந்த வரைபடம் பொய் சொல்கிறது. தமிழ் அமைப்புகள் வெளியிடும் படங்களில் இந்தத் தலைப்பு மாற்றம் எளிதாக நடந்துவிடும். நம்முடைய எண்ணிக்கையைப் பெரிதாகக் காட்டும் ஆசை புரிகிறது, ஆனால் அதை ஏற்க முடியாது.

தோட்டத்துக்கு வருவோம், என் மனம் அங்கேதான் இருக்கிறது. ஒரு தோட்டத்தை அதன் முழுப் பரப்புக்கும் நிறமடித்துக் காட்டினால், மைல்கணக்கான செம்பனைக்கு நடுவில் மக்கள் பரவி வாழ்வதுபோல் தெரியும். உண்மையில் லயங்களும் கோயிலும் பள்ளியும் ஒரு மூலையில் நெருங்கி இருக்கும், மற்றதெல்லாம் மரங்கள் நிற்கும் தீம்பார். இதை வரைபடக்காரர்கள் நெடுநாளாக அறிவார்கள். அமெரிக்கப் புவியியலாளர் ஜான் கிர்ட்லண்ட் ரைட், 1936இல் கேப் காட் தீபகற்பத்தை வைத்து எழுதிய கட்டுரையில், ஆள் வாழாத நிலத்தைக் கழித்துவிட்டு, வாழும் நிலத்துக்கு மட்டும் அடர்த்தியைக் கணக்கிடும் வழியைக் காட்டினார். மலாக்காவின் தோட்டப்புறத்துக்கு அந்த வழி பொருந்தும். ஆனால் அதற்கு லயங்கள் நின்ற இடங்கள் தெரிய வேண்டும். பல இடங்களில் லயங்கள் போய்விட்டன. தமிழ்க் குடும்பங்கள் டுரியான் துங்கல், மெர்லிமாவ், மலாக்கா நகரத்து ஓரத் தாமான்கள் என்று நகர்ந்துவிட்டன. தோட்டத்தில் வேலை செய்வது பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். இன்றைய பரப்புக்கு நிறமடிப்பது கடந்த காலத்தையும் காட்டாது, நிகழ்காலத்தையும் காட்டாது.

என் தீர்ப்பைப் பிரித்துத்தான் சொல்ல முடியும். தேர்தல் முடிவுகளுக்கு மறுபயன்பாட்டுச் செயற்கூறு சரியான கருவி. தொகுதி என்பது அங்கே உண்மையான அலகு, வென்றவர் ஒருவரே, நிறம் கேட்பது அதை மட்டுமே. நடப்பு ஆண்டைச் செயற்கூறு வெளியிலிருந்து கேட்டறிய வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு முழு மனதோடு பரிந்துரைக்கிறேன். மக்கள்தொகைக்கு, நிபந்தனைகள் கடுமை: வரம்புகள், நிறவரிசை, தரவுப்பெயர், தரவின்மையின் தோற்றம் ஆகிய நான்கையும் ஒவ்வோர் அடுக்கும் தானே கொண்டுவர வேண்டும், வரையும் வேலை மட்டும் பொதுவாக இருக்கலாம். செயற்கூற்றை உண்டாக்கித் தரும் செயற்கூறாக எழுதினால் இது முடியும். அந்த நான்கில் ஒன்றைக் கொடுக்காவிட்டால் வரையவே மறுத்து நிற்கும்படி எழுதுவது இன்னும் நல்லது. தனக்குள் ஓர் இயல்பு மதிப்பை ஒளித்து வைத்திருக்கும் செயற்கூறுதான் வெளிறிய மஞ்சளை ஊர்மேல் பூசுவது.

தோட்டங்களுக்கு இந்த முறையை நிராகரிக்கிறேன். பரப்பு வேண்டாம், புள்ளி வேண்டும். மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. புக்கிட் லிந்தாங், பாயா ரும்புட், ரும்பியா, ஜாசின் லாலாங் என்று அவற்றின் பெயர்களே ஒரு பழைய வரைபடம். ஒவ்வொன்றையும் அது நிற்கும் இடத்தில் ஒரு வட்டமாக வைத்து, வட்டத்தின் அளவை மாணவர் எண்ணிக்கைக்குக் கொடுத்தால், அதே செயற்கூறு நிறத்துக்குப் பதில் அளவைத் தீர்மானிக்கும். லீஃப்லெட் அதற்கும் இடம் தருகிறது. நிறத்தை வேறொன்றுக்கு வைத்துக்கொள்ளலாம்: இன்றும் தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் பள்ளி ஒரு நிறம், தோட்டத்தின் பெயரை மட்டும் சுமந்துகொண்டு வேறிடத்தில் நடக்கும் பள்ளி இன்னொரு நிறம், தொடக்கம் முதலே பட்டணத்தில் இருக்கும் பள்ளி மூன்றாவது. இந்தப் பிரிவை எந்த எல்லைக் கோப்பும் தராது. ஒவ்வொரு பள்ளியிலும் கேட்டு, அட்டவணையில் ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டும். 21 பள்ளிகளுக்கு அது செய்து முடிக்கக்கூடிய வேலைதான்.